ஹீரோவின் மகன் வந்தும் எடுபடவில்லை: ‘நைட் ரைடர்’ ரீபூட் 17 எபிசோடில் முடிந்தது ஏன்?

‘நைட் ரைடர்’ என்றதும் இன்றைய தலைமுறைக்கு நினைவுக்கு வருவது கொல்கத்தா ஐபிஎல் டீம்தான். ஆனால் அந்த டீமுக்கே பெயர் வந்தது 1980களின் ஒரு அமெரிக்க டிவி சீரியலில் இருந்து. பேசும் கறுப்பு கார், தோல் ஜாக்கெட் போட்ட ஹீரோ, பானட் முனையில் இடமும் வலமும் ஓடும் சிவப்பு விளக்கு. அதுதான் ஒரிஜினல் ‘நைட் ரைடர்’.

ஐபிஎல் தொடங்கிய அதே 2008ஆம் ஆண்டில் இந்த சீரியலும் புதிய வடிவில் திரும்பி வந்தது. பெரிய டிவி நிறுவனம், புத்தம் புது கார், ஹாலிவுட் நட்சத்திரத்தின் குரல் என எல்லாமே இருந்தது. ஆனால் ஒரே சீசனில், 17 எபிசோடோடு கதை முடிந்தது. பழைய ரசிகர்களே ‘இது எங்க நைட் ரைடர் இல்லை’ என்று ஒதுங்கிப் போனார்கள்.

எங்கே தப்பு நடந்தது? ரசிகர்கள் உண்மையில் எதற்காக வருத்தப்பட்டார்கள்? விரிவாகப் பார்க்கலாம்.

ஒரிஜினல் கதை என்ன?

கிளென் ஏ. லார்சன் உருவாக்கிய ‘நைட் ரைடர்’ 1982 செப்டம்பரில் அமெரிக்காவின் என்பிசி சேனலில் தொடங்கியது. 1986 வரை 4 சீசன்கள் ஓடியது.

மைக்கேல் லாங் ஒரு போலீஸ் அதிகாரி. முகத்தில் சுடப்பட்டு சாகக் கிடக்கும் அவரை வில்டன் நைட் என்ற கோடீஸ்வரர் காப்பாற்றுகிறார். புது முகம், புது பெயர் கிடைக்கிறது. மைக்கேல் லாங், ‘மைக்கேல் நைட்’ ஆகிறார். கூடவே ஒரு காரும் கிடைக்கிறது. அதன் பெயர் ‘கிட்’. ‘நைட் இண்டஸ்ட்ரீஸ் டூ தௌசண்ட்’ என்பதன் சுருக்கம் அது. யோசிக்கும், பேசும், தானாக ஓடும், குண்டு துளைக்காது.

சட்டத்தின் பிடியில் சிக்காத பெரிய மனிதர்களை, அவர்களிடம் மாட்டிக்கொண்ட சாமானியர்களுக்காக ஒரு தனி மனிதனும் ஒரு காரும் எதிர்கொள்வார்கள். வாரம் ஒரு ஊர், வாரம் ஒரு பிரச்சினை. அவ்வளவுதான் ஃபார்முலா.

மைக்கேலாக நடித்த டேவிட் ஹாசல்ஹாஃப் இந்த சீரியலில்தான் உலகப் புகழ் பெற்றார்.

ரீபூட், ரீமேக், சீக்வல்: என்ன வித்தியாசம்?

இந்த மூன்றையும் பலர் ஒன்றாகவே நினைக்கிறார்கள். ஆனால் வித்தியாசம் உண்டு.

பழைய கதையையே புது நடிகர்களை வைத்து மறுபடி எடுத்தால் அது ரீமேக். பழைய கதை முடிந்த இடத்திலிருந்து தொடர்ந்தால் சீக்வல். பெயரையும் அடிப்படைக் கருவையும் மட்டும் வைத்துக்கொண்டு, உலகத்தையே புதிதாகக் கட்டினால் ரீபூட். ஹேங் ஆன கம்ப்யூட்டரை ஆஃப் செய்து ஆன் செய்கிறோமே, அதே வார்த்தைதான்.

2008 ‘நைட் ரைடர்’ இந்த இரண்டுக்கும் நடுவில் நின்றது. ஹீரோ மைக் டிரேசர், பழைய மைக்கேல் நைட்டின் மகன். அதாவது கதைப்படி சீக்வல். ஆனால் கார், குழு, வேலை செய்யும் விதம் எல்லாமே புதுசு. அதாவது நடைமுறையில் ரீபூட். பழைய ரசிகர்கள் வேண்டும், அவர்களுக்குப் பிடித்த பாணி மட்டும் வேண்டாம் என்ற இந்த இரட்டை நிலைதான் பின்னால் வந்த எல்லா சிக்கலுக்கும் ஆரம்பப் புள்ளி.

2008ல் என்ன வந்தது?

முதலில் பிப்ரவரி 17ஆம் தேதி 2 மணி நேர டிவி படம் ஒளிபரப்பானது. ஜஸ்டின் ப்ரூனிங் ஹீரோ. காரை வடிவமைத்த விஞ்ஞானி சார்லஸ் கிரேமனாக ப்ரூஸ் டேவிசன், அவரது மகள் சாராவாக டியான்னா ரூஸோ நடித்தார்கள்.

படத்தின் கடைசியில் பழைய ஹீரோ ஹாசல்ஹாஃப் சில நிமிடங்கள் தலைகாட்டினார். மகனைச் சந்திக்கும் அப்பாவாக. பழைய ரசிகர்களுக்கு அது பெரிய நம்பிக்கை. அமெரிக்காவில் ஒரு கோடிக்கும் அதிகமானோர் அந்தப் படத்தைப் பார்த்தார்கள்.

அந்த வரவேற்பைப் பார்த்து என்பிசி முழு சீரியலுக்கும் பச்சைக்கொடி காட்டியது. 2008 செப்டம்பர் 24 அன்று முதல் எபிசோடு வந்தது. ஆனால் டிவி படத்துக்கு வந்த கூட்டம் சீரியலுக்கு வரவில்லை. ஆசையோடு பார்க்க வந்தவர்கள் ஒரு முறை பார்த்துவிட்டு திரும்பிப் போனார்கள் என்பதுதான் கவனிக்க வேண்டிய விஷயம். ரசிகர்கள் பார்க்காமலேயே வெறுக்கவில்லை. வந்து பார்த்து ஏமாந்தார்கள்.

ஏமாற்றம் 1: கார் மாறியது

பழைய கிட், 1982 மாடல் பான்டியாக் ஃபயர்பேர்ட் டிரான்ஸ் ஆம். ஜெனரல் மோட்டார்ஸ் தயாரிப்பு. புது கிட், ஃபோர்டு மஸ்டாங் ஷெல்பி ஜிடி500கேஆர்.

‘கார்தானே, இதுல என்ன இருக்கு?’ என்று தோன்றலாம். அமெரிக்க கார் பிரியர்களுக்கு இது சாதாரண விஷயம் இல்லை. 1964ல் வந்த மஸ்டாங் சந்தையை அள்ளியபோது, அதற்குப் போட்டியாக ஜெனரல் மோட்டார்ஸ் 1967ல் இறக்கிய கார்களில் ஒன்றுதான் ஃபயர்பேர்ட். பரம்பரைப் போட்டியாளரின் காருக்கே ‘கிட்’ என்று பெயர் வைத்துவிட்டார்கள். நம்ம ஊர் கணக்கில் சொன்னால், புல்லட் வெறியரிடம் ஒரு ஜாவாவை நிறுத்தி, ‘இதுதான் இனி உன் புல்லட்’ என்று சொல்வது போல.

தயாரிப்பாளர்கள் தரப்பிலும் நியாயம் இல்லாமல் இல்லை. ஃபயர்பேர்ட் தயாரிப்பே 2002ல் நின்றுவிட்டது. புது சீரியலுக்குப் பழைய காரைக் கொண்டுவர முடியாது. ஆனால் சீரியல் முழுக்க ஃபோர்டு வண்டிகளே வலம் வந்ததும், கிட் தேவைப்பட்டால் ஃபோர்டு பிக்கப் டிரக்காகவே உருமாறியதும்தான் ரசிகர்களை எரிச்சலாக்கியது. கதைக்காகக் கார் வந்ததா, காருக்காகக் கதை வந்ததா என்ற சந்தேகம் எழுந்தது.

ஏமாற்றம் 2: குரலில் உயிர் இல்லை

பழைய கிட்டுக்குக் குரல் கொடுத்தவர் வில்லியம் டேனியல்ஸ். அதே காலத்தில் ‘செயின்ட் எல்ஸ்வேர்’ என்ற மருத்துவமனை சீரியலில் டாக்டராக நடித்து எம்மி விருதுகள் வாங்கியவர். ‘நைட் ரைடர்’ டைட்டிலில் தன் பெயரைப் போட வேண்டாம் என்று அவரே கேட்டுக்கொண்டார். அதனால் ரசிகர்களுக்கு கிட்டின் குரல் ஒரு நடிகரின் குரலாகத் தெரியவில்லை. காரே பேசுவது போல இருந்தது.

அந்தக் குரலில் ஒரு குணம் இருந்தது. கொஞ்சம் கண்டிப்பு, கொஞ்சம் கிண்டல், அவ்வப்போது ஒரு செல்லக் கோபம். மைக்கேல் ஏதாவது முட்டாள்தனம் செய்தால் கிட் கண்டிக்கும், ஆனால் கைவிடாது. மூத்த ஆசிரியர் ஒருவர் பின் சீட்டில் உட்கார்ந்து வருவது மாதிரி.

புது கிட்டுக்கு முதலில் குரல் பதிவு செய்தவர் நகைச்சுவை நடிகர் வில் ஆர்னெட். ஆனால் அவர் ஏற்கெனவே ஜெனரல் மோட்டார்ஸின் ஜிஎம்சி டிரக் விளம்பரங்களுக்குக் குரல் கொடுத்துக்கொண்டிருந்தார். ஃபோர்டு காருக்கும் அவரே பேசுவதை அந்த நிறுவனம் ஒத்துக்கொள்ளவில்லை. அவர் விலக, கடைசி நேரத்தில் வால் கில்மர் வந்தார். ‘டாப் கன்’, ‘பேட்மேன் ஃபாரெவர்’ படங்களின் நட்சத்திரம்.

கில்மர் திறமையான நடிகர். அதில் யாருக்கும் சந்தேகமில்லை. ஆனால் புது கிட்டை அமைதியான, உணர்ச்சியை வெளிக்காட்டாத கம்ப்யூட்டர் போலவே பேச வைத்தார்கள். மைக்கேலுக்கும் கிட்டுக்கும் இருந்த அந்த அண்ணன் தம்பிச் சண்டை காணாமல் போனது. பழைய கிட் நண்பன், புது கிட் வெறும் கருவி என்பது ரசிகர்களின் பொதுவான புகார்.

ஏமாற்றம் 3: தனி ஒருவன் கூட்டத்தில் தொலைந்தான்

பழைய சீரியலில் மைக்கேலுக்குப் பின்னால் இருந்தவர்கள் மிகக் குறைவு. அமைப்பின் தலைவர் டெவன், காரைப் பராமரிக்கும் மெக்கானிக் போனி. ஒரு பெரிய லாரிக்குள்ளேயே அவர்கள் உலகம் முடிந்துவிடும். மீதி நேரமெல்லாம் நெடுஞ்சாலை, ஹீரோ, கார்.

2008ல் ஒரு பெரிய ரகசிய கட்டுப்பாட்டு அறை வந்தது. அதில் விஞ்ஞானி, அவர் மகள், அரசு அதிகாரி, எஃப்பிஐ ஏஜென்ட், இரண்டு கம்ப்யூட்டர் நிபுணர்கள் என்று ஒரு கும்பலே இருந்தது. அந்தக் காலகட்டத்தில் வந்த துப்பறியும் சீரியல்களில் எல்லாம் இருந்த அதே செட்டப். ஹீரோவுக்கு ஒரு சிக்கல் வந்தால், காரோடு பேசி யோசிப்பதற்கு முன்பே கட்டுப்பாட்டு அறையில் இருந்து விடை வந்துவிடும்.

இதனால் இரண்டு பேருக்கும் நடுவில் இருந்த தனிமை போய்விட்டது. ராத்திரி ரோட்டில் ஒரு மனிதனும் ஒரு காரும் பேசிக்கொண்டே போகும் காட்சிதான் பழைய சீரியலின் உயிர். அதற்கு இங்கே இடமே இல்லை.

போதாக்குறைக்கு, முதல் எபிசோடிலேயே காருக்குள் வெப்பம் தாங்காமல் ஹீரோவும் ஹீரோயினும் உடையைக் களையும் காட்சி. குடும்பமாக உட்கார்ந்து பார்த்த சீரியலின் வாரிசு இப்படித் தொடங்கியது பலருக்கு முகம் சுளிக்க வைத்தது.

ஏமாற்றம் 4: கிராபிக்ஸ் வந்தது, வியப்பு போனது

1982ல் டிரைவர் இல்லாமல் கார் ஓடும் காட்சியை எப்படி எடுத்தார்கள் தெரியுமா? டிரைவர் சீட் போலவே செய்த ஒரு கூடுக்குள் ஸ்டண்ட் டிரைவர் ஒளிந்துகொண்டு நிஜமாகவே ஓட்டினார். டர்போ பூஸ்ட் அழுத்தி கார் பறக்கும் காட்சிகளில், சாய்தளத்தில் ஏற்றி நிஜ காரைத்தான் தாவ விட்டார்கள். கீழே விழும்போது கார் நசுங்கும். அடுத்த தாவலுக்கு வேறு கார் வரும்.

2008ல் கம்ப்யூட்டர் கிராபிக்ஸ் வந்துவிட்டது. கார் உருமாறுகிறது, நிறம் மாறுகிறது, அடிபட்ட இடம் தானாக ஆறுகிறது. ‘டிரான்ஸ்பார்மர்ஸ்’ படம் அதற்கு முந்தைய ஆண்டுதான் வந்து உலகம் முழுக்க ஓடியிருந்தது. சீரியல் அந்தப் பாதையில் போகப் பார்த்தது. ஆனால் டிவி பட்ஜெட்டில் சினிமா அளவு கிராபிக்ஸ் முடியாது. விளைவு, பார்ப்பவர்களுக்கு வீடியோ கேம் மாதிரி இருந்தது.

இங்கே நேர்மையாக ஒன்றைச் சொல்ல வேண்டும். பழைய சீரியலும் 4வது சீசனில் காரை உருமாற வைத்தது. ‘சூப்பர் பர்சூட் மோட்’ என்று கார் பாகங்கள் விரிந்து வேகம் கூடும். அதையும் எல்லோரும் கொண்டாடவில்லை. அந்த சீசனோடு சீரியலும் முடிந்தது. ஆக, ‘பழசெல்லாம் தங்கம்’ என்பதும் முழு உண்மை இல்லை.

ஏமாற்றம் 5: பாதியில் போட்ட பல்டி

ரேட்டிங் சரிந்ததும் சீசனின் நடுவிலேயே சீரியலை மாற்றி அமைத்தார்கள். விஞ்ஞானி, அரசு அதிகாரி, எஃப்பிஐ ஏஜென்ட் ஆகிய மூன்று கதாபாத்திரங்களும் நீக்கப்பட்டன. பழைய சீரியலைப் போல ஹீரோ, கார், சின்னக் குழு என்று திரும்பினார்கள். ரீபூட்டுக்குள் இன்னொரு ரீபூட்!

ரசிகர்கள் அதிகம் எதிர்பார்த்தது வில்லன் காரை. பழைய சீரியலில் ‘கே.ஏ.ஆர்.ஆர்’ என்று ஒரு கார் உண்டு. கிட்டுக்கு முன்பே தயாரிக்கப்பட்ட மாதிரி. கிட் மனித உயிரைக் காப்பாற்றப் பழக்கப்பட்டது. அந்தக் கார் தன்னைத் தானே காப்பாற்றிக்கொள்ளப் பழக்கப்பட்டது. ஒரே உடல், நேரெதிர் மனசு. புது சீரியலும் அந்தப் பெயரை எடுத்து, பழைய குரல் கலைஞர் பீட்டர் கல்லனையே மறுபடி அழைத்து வந்தது. ‘டிரான்ஸ்பார்மர்ஸ்’ ஆப்டிமஸ் ப்ரைமுக்கும் குரல் கொடுத்தவர் அவர்தான்.

பல வாரம் பில்டப் கொடுத்துவிட்டு, மோதலை ஒரே எபிசோடில் முடித்துவிட்டார்கள். அந்தப் பழைய கேள்வி, அதாவது ‘யாருடைய உயிர் பெரிது?’ என்பது, ரோபோ சண்டைக்குள் அமுங்கிப் போனது.

அதற்குள் பழைய ரசிகர்களில் பலர் போய்விட்டார்கள். இருந்த புது பார்வையாளர்களுக்கோ, தாங்கள் பார்த்துவந்த சீரியல் திடீரென மாறிவிட்டது. 2009 மார்ச் 4 அன்று கடைசி எபிசோடு ஒளிபரப்பானது.

அப்போ ரசிகர்கள் மாற்றத்தையே வெறுப்பவர்களா?

இல்லை என்பதற்கு அதே மாதத்தில் ஒரு சாட்சி இருக்கிறது.

கிளென் லார்சன் உருவாக்கிய இன்னொரு சீரியல் ‘பேட்டில்ஸ்டார் கேலக்டிகா’. 1978ல் வந்த விண்வெளிக் கதை. அதில் வரும் சைலான் ரோபோக்களின் முகத்தில் ஓடும் சிவப்பு விளக்கு ஐடியாதான் பிறகு கிட்டின் மூக்கில் ஏறியது. இந்த சீரியலை 2003ல் ரொனால்ட் டி. மூர் ரீபூட் செய்தார்.

அப்போதும் எதிர்ப்பு கிளம்பியது. ஒரிஜினலில் ஆணாக இருந்த ‘ஸ்டார்பக்’ என்ற விமானியைப் பெண்ணாக மாற்றினார்கள். பழைய ஸ்டார்பக்காக நடித்த டிர்க் பெனடிக்டே இதை வெளிப்படையாகக் கண்டித்தார். பழைய ஹீரோ ரிச்சர்ட் ஹாட்சும் ஆரம்பத்தில் ரீபூட்டை எதிர்த்தவர்தான். பழைய கதையையே தொடர வேண்டும் என்று பல ஆண்டுகள் முயற்சி செய்தவர்.

ஆனால் என்ன நடந்தது? அதே ஹாட்ச் புது சீரியலில் டாம் ஜாரெக் என்ற முக்கியமான வேடத்தில் நடித்தார். சீரியல் 4 சீசன்கள் ஓடி, பீபடி விருதும் வாங்கியது. அதன் கடைசி எபிசோடு வந்ததும் 2009 மார்ச்சில்தான்.

ஒரே படைப்பாளியின் இரண்டு பழைய சீரியல்கள். இரண்டும் ரீபூட் ஆகி, ஒரே மாதத்தில் முடிந்தன. ஒன்று பாராட்டோடு, இன்னொன்று கவனிப்பாரின்றி. இத்தனைக்கும் அதிகமாக மாற்றியது ‘கேலக்டிகா’தான். ஆனால் வீட்டை இழந்த மனிதக் கூட்டம் தப்பி ஓடுகிறது என்ற மையக் கருவை அது இன்னும் ஆழமாகத் தோண்டியது. ‘நைட் ரைடர்’ வெளியே தெரியும் அடையாளங்களை வைத்துக்கொண்டது. கறுப்பு நிறம், சிவப்பு விளக்கு, டைட்டில் இசை எல்லாம் இருந்தது. நடுவில் இருந்த நட்பை விட்டுவிட்டது.

பிறகு ஏன் திரும்பத் திரும்ப ரீபூட் எடுக்கிறார்கள்?

காரணம் எளிது. புது சீரியலுக்குப் பெயரை மக்கள் மனதில் பதிய வைக்கவே பெரும் செலவாகும். பழைய பெயருக்கு அந்தச் செலவு இல்லை. அறிவிப்பு வந்த அன்றே செய்தியாகிவிடும்.

ஜெயித்த ரீபூட்டுகளும் உண்டு. 2010ல் வந்த ‘ஹவாய் ஃபைவ்-ஓ’ 10 சீசன்கள் ஓடியது. 2016ல் வந்த ‘மெக்கைவர்’ 5 சீசன்கள் தாக்குப்பிடித்தது. இத்தனைக்கும் மெக்கைவர் ரீபூட்டில் ஒரிஜினல் ஹீரோ ரிச்சர்ட் டீன் ஆண்டர்சன் நடிக்கவே இல்லை. அதே நேரம், 2007ல் என்பிசி எடுத்த ‘பயானிக் வுமன்’ ரீபூட் 8 எபிசோடோடு நின்றது. பெயர் வாசல் வரை ஆளைக் கூட்டி வரும். உள்ளே உட்கார வைப்பது கதையின் வேலை.

ரசிகர்கள் கேட்பதுதான் என்ன?

இதற்கான பதில் ஒரிஜினல் சீரியலிலேயே இருக்கிறது. 2வது சீசனில் மெக்கானிக் போனியை நீக்கிவிட்டு ஏப்ரல் என்ற புது கதாபாத்திரத்தைக் கொண்டு வந்தார்கள். ரசிகர்கள் ஏற்கவில்லை. ஹாசல்ஹாஃபும் போனிக்காகப் பேசினார். 3வது சீசனில் போனி திரும்பி வந்தார்.

போனி கதையில் பெரிய வேடம் இல்லை. ஆனால் அடிபட்டு வரும் கிட்டை அக்கறையோடு தொட்டு சரி செய்தவர் அவர். அந்தக் காரை ஒரு உயிராக நடத்தியவர். ரசிகர்கள் கேட்டது ஒரு நடிகையை மட்டும் இல்லை, அந்த அக்கறையைத்தான்.

2008 டிவி படத்தில் ஒரு காட்சி. கிரேமன் வீட்டு கராஜில் பழைய கிட் பாகம் பாகமாகப் பிரிந்து கிடக்கும். கேமரா அதைத் தாண்டிப் புது காரை நோக்கிப் போய்விடும். தயாரிப்பாளர்களுக்கு அது பழைய ரசிகர்களுக்கான ஒரு சின்ன மரியாதை. பல ரசிகர்களுக்கோ, சின்ன வயதில் தங்களோடு பேசிக்கொண்டிருந்த ஒருவரை அப்படிப் பார்க்க நேர்ந்தது போல.

அடுத்து என்ன?

கிளென் லார்சன் 2014ல் காலமானார். வால் கில்மர் 2025 ஏப்ரலில் மறைந்தார். ‘நைட் ரைடர்’ பெயருக்கு மட்டும் ஓய்வு இல்லை. இயக்குநர் ஜேம்ஸ் வானின் நிறுவனம் இதைத் திரைப்படமாக எடுக்கப்போவதாக 2020ல் செய்தி வந்தது.

இப்போது நிலைமை வேறு. 1982ல் கற்பனையாக இருந்தது இன்று பாதி நிஜமாகிவிட்டது. காரோடு பேசுகிறோம், கார் வழி சொல்கிறது, சில நகரங்களில் டிரைவர் இல்லாமல் டாக்சியே ஓடுகிறது. பேசும் கார் என்பதற்காக மட்டும் யாரும் இனி டிவி முன்னால் உட்கார மாட்டார்கள்.

நம் நல்லது கெட்டதில் அக்கறை காட்டும் கார்தான் இன்னும் கற்பனையாகவே இருக்கிறது. அடுத்து எடுப்பவர்கள் அந்த கிட்டைக் கண்டுபிடித்தால் போதும், எந்த கம்பெனி காராக இருந்தாலும் ரசிகர்கள் ஏறிக்கொள்வார்கள்.